நான்கு கோப்பை கண்ட நாயகன்

விளையாட்டு வீரர்களின் வரலாறு என்றதும் நம் நினைவில் எழுவன கிரிக்கெட்டும் ஹாக்கியும் கால்பந்தும்தாம். வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் கண்ணின் மணியெனக் காத்து வளர்த்த ரக்பி லீக் என்னும் ஆட்டத்தை நம்மில் அறிந்தோர் மிகச் சிலரே. அவ்வாட்டத்தின் தொடக்க நாள்களில் புகழின் உச்சியில் நின்றவர் ஆல்பர்ட் கோல்டுதார்ப். அவர் மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. கோப்பைகளை வென்றோர் உலகில் எத்தனையோ பேர் உளர். ஆயினும் அவர்களுள் இவரை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. உழைத்துப் பிழைக்கும் ஒருவனுக்கு விளையாடவும் உரிமை உண்டா என்னும் வினா அவர் காலத்தில் எழுந்தது. அவ்வினாவுக்கு மேடையில் ஏறி விடை கூறியவர் அல்லர் அவர். ஆடுகளத்தில் நின்று விடை கூறியவர்.

பிறந்த மண்

யார்க்‌ஷயரின் பெருநகரமாகிய லீட்ஸில், ஏர் ஆற்றின் தென்பால் அமைந்த பகுதி ஹன்ஸ்லெட். புகைபோக்கிகள் நிறைந்த ஊர் அது. நீராவி எஞ்சின்கள் செய்யும் தொழிற்சாலைகள் அங்கே வரிசையாக நின்றன. அங்கு உருவான ரயில் எஞ்சின்கள் உலகின் பல நாடுகளுக்கும் கப்பலேறின. அருகே நிலக்கரிச் சுரங்கங்கள். ஒன்றோடொன்று முதுகொட்டி நிற்கும் சிறு வீடுகளில் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தன. இந்த ஹன்ஸ்லெட்டுக்கு அடுத்த ஸ்டூர்ட்டன் என்னும் சிற்றூரில், 1871-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் ஆல்பர்ட் பிறந்தார். அவருடன் பிறந்தோர் நால்வரும் பின்னாளில் ஹன்ஸ்லெட் கழகத்துக்கு ஆடியவர்களே. ஒரே வீட்டிலிருந்து ஐவர்! பஞ்சபாண்டவர் எனலாம்.

ஹன்ஸ்லெட் கழகம் 1883-இல் தோன்றியது. 1888-இல், பதினாறே வயதில், ஆல்பர்ட் அதன் சட்டையை அணிந்து களமிறங்கினார். அன்று அணிந்த சட்டையை அவர் கழற்றியது 1910-இல்தான். இருபத்திரண்டு ஆண்டுகள்!

ஆட்டத்தின் இயல்பு

அறியாதார்க்கு இவ்வாட்டத்தைச் சிறிது விளக்குதல் நலம். பந்து முட்டை வடிவினது. அதைக் கையில் ஏந்தி ஓடலாம், தோழனுக்கு எறியலாம், ஆனால் முன்னோக்கி எறிதல் கூடாது. எதிரணியினர் மேல் பாய்ந்து வீழ்த்துவர். அவர்களைக் கடந்து எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்தால் அது ‘ட்ரை’. அதற்கு அந்நாளில் 3 புள்ளிகள். இரு கம்பங்களுக்கிடையே, குறுக்குச் சட்டத்துக்கு மேலாகப் பந்தை உதைத்து அனுப்பினால் அது கோல். அதற்கு 2 புள்ளிகள். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, கையிலுள்ள பந்தைத் தரையில் விட்டு, அது எழும் கணத்தில் உதைத்தும் கோல் போடலாம். இதனை ‘டிராப் கோல்’ என்பர். எதிரிகள் பாய்ந்து வரும் அந்த ஒரு நொடியில் தூரத்தையும் காற்றையும் கணித்து உதைக்க வேண்டும். இக்கலையில் தமக்கு நிகர் தாமே என்று விளங்கியவர் கோல்டுதார்ப்.

ஆறு ஷில்லிங்கும் ஒரு பிளவும்

அக்காலத்தில் ரக்பி ஆட்டத்தை ஆண்டவர்கள் உயர்குடியினர். பெருஞ்செல்வர் பயிலும் பள்ளிகளில் பிறந்த ஆட்டம் இது. விளையாட்டுக்குப் பணம் பெறுவது இழிவு என்பது அவர்களது கொள்கை. கொள்கை கேட்க இனிமையானதுதான். வாடகையும் வட்டியும் வீடு தேடி வருவோர்க்கு அதனால் இழப்பு ஏதும் இல்லை. ஆனால் சனிக்கிழமை முற்பகலும் ஆலையில் நிற்க வேண்டியவன், வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் கூலியை இழப்பான். கூலி போனால் அடுப்பு எரியாது. வேலைக்கும் போய்க்கொண்டு படிக்கும் நம் நண்பர்களுக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வட நாட்டுக் கழகங்கள் கேட்டது சம்பளம் அன்று. இழந்த கூலிக்கு ஈடு மட்டுமே. 1893-இல் லண்டனில் கூடிய ரக்பி சங்கம் அக்கோரிக்கையைத் தள்ளிவிட்டது. இரண்டு ஆண்டுகள் பொறுத்தனர். 1895-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் ஹட்டர்ஸ்பீல்டு நகரின் ஜார்ஜ் ஓட்டலில் கூடி, யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளின் முன்னணிக் கழகங்கள் வடக்குச் சங்கத்தை நிறுவின. முதல் பருவத்தில் 22 கழகங்கள் ஆடின. அவற்றுள் ஹன்ஸ்லெட்டும் ஒன்று. ஒரு நாளுக்கு 6 ஷில்லிங் வரை ஈட்டுத் தொகை என்று விதி செய்தனர். பழைய சங்கமோ இவர்களுக்குத் தன் கதவை இறுக அடைத்தது.

அப்போது கோல்டுதார்ப்புக்கு வயது இருபத்து மூன்று. அவர் தம் கழகத்துடனும் தம் ஊர் மக்களுடனும் நின்றார். 1898-இல் வெளிப்படையாகவே சம்பளம் வழங்கலாம் என்றாயிற்று. ஆனால் வீரன் ஒவ்வொருவனும் வேறு ஒரு தொழிலும் செய்தாக வேண்டும் என்ற விதியையும் உடன் சேர்த்தனர். அவ்விதி நீங்கியது 1905-இல்தான்.

நான்கு கோப்பைகள்

1898-இல் யார்க்‌ஷயர் முதுநிலைப் போட்டியில் ஹன்ஸ்லெட் முதலிடம் பெற்றது. மறு ஆண்டு சேலஞ்சுக் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை சென்று, ஓல்டாம் கழகத்திடம் 19-9 என்ற கணக்கில் தோற்றது. அக்கோப்பைக்காக மேலும் ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இதற்கிடையே 1906-இல் ஆட்டத்தின் விதிகளே மாறின. அணிக்கு 15 பேர் என்பது 13 ஆகக் குறைந்தது. வீழ்த்தப்பட்டவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னோக்கித் தள்ளி ஆட்டத்தைத் தொடரும் முறை வந்தது. ஆட்டம் வேகம் பெற்றது. முப்பத்தைந்து வயதை நெருங்கிய ஒருவர் ஒதுங்கிக் கொள்ளத்தக்க நேரம் அது. கோல்டுதார்ப் ஒதுங்கவில்லை.

1907-08-ஆம் பருவம் பிறந்தது. அணித் தலைவர் அவரே. முன்னணி வீரர் அறுவரை மக்கள் ‘பயங்கர அறுவர்’ என்று அழைத்தனர். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பில்லி பாட்டன் என்னும் இளைஞரும் அப்பருவத்தில்தான் அணியில் சேர்ந்தார். முதிர்ந்த தலைவரின் அறிவும் இளையோரின் வலிமையும் ஒன்று கூடின.

அந்நாளில் ஒரு யார்க்‌ஷயர் கழகம் வெல்லக்கூடிய பரிசுகள் நான்கு. அவை யார்க்‌ஷயர் கோப்பை, யார்க்‌ஷயர் லீக், சேலஞ்சுக் கோப்பை, சாம்பியன் பட்டம் என்பன. 1907 டிசம்பரில் ஹாலிபாக்சை 17-0 என வீழ்த்தி முதற் கோப்பையை ஹன்ஸ்லெட் கொண்டது. யார்க்‌ஷயர் லீக்கிலும் முதலிடம் அதற்கே. 1908 ஏப்ரல் 25-ஆம் நாள் ஹட்டர்ஸ்பீல்டில், பனி பொழிந்துகொண்டிருந்த வேளையில், ஹல் அணியை 14-0 என வென்று சேலஞ்சுக் கோப்பையைக் கைப்பற்றியது. எஞ்சியது ஒன்றே. அதற்கு எதிரே நின்றதோ ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தம்மைத் தோற்கடித்த அதே ஓல்டாம்! சால்போர்டில் நடந்த இறுதி ஆட்டம் 7-7 எனச் சமமாக முடிந்தது. மே 9-ஆம் நாள் வேக்பீல்டில் மீண்டும் மோதினர். ஹன்ஸ்லெட் 12, ஓல்டாம் 2. நான்கும் ஒரே ஆண்டில் ஒரே ஊரை வந்தடைந்தன. அதற்கு முன் எவரும் செய்திராத செயல் இது. பின்னரும் ஹட்டர்ஸ்பீல்டு 1914-15-இலும், ஸ்விண்டன் 1927-28-இலும் மட்டுமே இதனைச் செய்தன.

அப்பருவத்தில் கோல்டுதார்ப் போட்ட கோல்கள் 101. ஒரே பருவத்தில் நூறு கோல்களைத் தொட்ட முதல் வீரர் அவரே. அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. முதுமை என்பது ஆண்டுக் கணக்கில் இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஓய்வும் மறைவும்

1910-இல் அவர் ஆட்டத்திலிருந்து விலகினார். பிரிட்டனின் அணி முதன்முறையாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியதும் அவ்வாண்டில்தான். ஆதலால் கடல் கடந்து ஆடிய புகழ் அவருக்குக் கிட்டவில்லை. அவருடைய உலகம் ஹன்ஸ்லெட்டின் பார்க்சைடு மைதானம்தான். அதன்பின் முப்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். தம் கழகம் 1934-இல் வெம்பிளியில் விட்னஸ் அணியை வென்று மீண்டும் சேலஞ்சுக் கோப்பையைப் பெற்றதும், 1938-இல் ஐம்பத்து நாலாயிரம் பேர் திரண்ட எல்லந்து ரோடு அரங்கில், பக்கத்து வீட்டுக்காரராகிய லீட்ஸ் அணியை 8-2 என வென்று சாம்பியன் ஆனதும் அவருடைய வாழ்நாளிலேயே நிகழ்ந்தன. 1943-இல் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின்

மனிதனின் வாழ்வு அவன் மூச்சோடு முடிந்துவிடுவதில்லை. ஆதலின் வரலாற்றை இங்கே நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. போருக்குப் பின் ஹன்ஸ்லெட்டின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. மக்கள் வேறிடங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. கழகத்துக்கு ஆள் வரவு குறைந்தது. 1965-இல் வெம்பிளி இறுதி ஆட்டத்தில் விகனிடம் 20-16 எனப் போராடித் தோற்றது, அணையப் போகும் விளக்கின் பேரொளி போன்றது. எட்டே ஆண்டுகளில், 1973-இல், பார்க்சைடு மைதானம் விற்கப்பட்டது, கழகம் கலைக்கப்பட்டது. கோல்டுதார்ப் ஓடிய புல்வெளி தொழிற்பேட்டைக்கு இரையாயிற்று.

ஆனால் மக்கள் அக்கழகத்தைச் சாகவிடவில்லை. 1951 முதல் 1973 வரை அதற்கே ஆடிய ஜெப் கன்னி என்னும் வீரர் முன்னின்று, நியூ ஹன்ஸ்லெட் என்ற பெயரில் அதனை உயிர்ப்பித்தார். கோல்டுதார்ப்பைப் போலவே இவரும் இருபத்திரண்டு ஆண்டு விசுவாசி! வேட்டை நாய்ப் பந்தயம் நடக்கும் அரங்கம் ஒன்றில் இடம் பிடித்து ஆடத் தொடங்கினர். அவ்வாண்டில்தான் லீக் இரண்டு பிரிவுகளாக்கப்பட்டது. 1902-இலும் 1962-இலும் முயன்று கைவிட்ட ஏற்பாடு அது, இம்முறை நிலைத்துவிட்டது. முதற் பிரிவில் பதினாறு கழகங்கள், இரண்டாம் பிரிவில் பதினான்கு. நான்கு கோப்பை வென்ற ஊர் இரண்டாம் பிரிவில் அமர்ந்தது.

கீழ்ப் பிரிவின் வாழ்வு எளிதன்று. பெரிய கழகங்கள் ஊருக்கு வருவதில்லை. அதனால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாததால் நுழைவுக் கட்டண வருவாய் இல்லை. வருவாய் இல்லாததால் நல்ல வீரர்கள் தங்குவதில்லை. இந்தச் சக்கரத்தில் சிக்கியது ஹன்ஸ்லெட் மட்டுமன்று. 1897-இல் முதல் சேலஞ்சுக் கோப்பையை வென்ற பாட்லியும் கீழ்ப் பிரிவில் நெடுங்காலம் கழித்த கழகமே. ஹன்ஸ்லெட் 1987-இல் இரண்டாம் பிரிவின் சாம்பியன் ஆயிற்று. 1996-இல் சூப்பர் லீக் என்னும் மேற்போட்டி தோன்றியது. 1999-இல் அதற்கு அடுத்த நிலையின் இறுதி ஆட்டத்தில் டூஸ்பரியை 12-11 என வென்றும், மேற்போட்டிக்குரிய தகுதிகள் நிறைவேறவில்லை என்று கூறி ஹன்ஸ்லெட்டுக்கு இடம் மறுக்கப்பட்டது. களத்தில் வென்றது, ஏட்டில் தோற்றது!

இதில் ஒரு விந்தை உண்டு. 2008-இல், நான்கு கோப்பைகளின் நூற்றாண்டில், ரக்பி லீக் செய்தித்தாள் ஒன்று சூப்பர் லீக்கின் சிறந்த வீரருக்கு ஆண்டுதோறும் வழங்கவெனப் பதக்கம் ஒன்றை நிறுவியது. அதன் பெயர் ஆல்பர்ட் கோல்டுதார்ப் பதக்கம். அவருடைய கழகம் நுழைய முடியாத மாளிகையின் வாயிலில் அவருடைய பெயரைப் பொறித்தார்கள்! இதனை எண்ணும்போது பெருமிதமும் வருத்தமும் எனக்கு ஒருங்கே எழுகின்றன.

எனினும் நான் காணும் நினைவுச் சின்னம் அப்பதக்கம் அன்று. சூப்பர் லீக் வீரர்களுக்கு ஆட்டமே முழுநேரத் தொழில். கீழ்ப் பிரிவுகளிலோ வீரருள் பலர் பகலில் வேறு வேலை பார்த்து, மாலையில் பயிற்சி பெற்று, வார இறுதியில் களமிறங்குவோர். 1895-இல் ஆறு ஷில்லிங்குக்காகப் பிரிந்து வந்த தொழிலாளரின் உண்மையான வாரிசுகள் இவர்களே என்பேன். பொருள் மிகுந்த இடத்தை நோக்கிச் செல்லும் உலகில், பிறந்த இடத்தின் சட்டையை இருபத்திரண்டு ஆண்டுகள் அணிந்த ஒருவர் அவர்களுக்கு வழி காட்டிச் சென்றிருக்கிறார். வலியவர் பக்கம் சேர்ந்து வெல்வது எளிது. தான் நிற்கும் பக்கத்தை வலியதாக்கி வெல்வதே அரிது. அவ்வரிய செயலைச் செய்தவர் ஆல்பர்ட் கோல்டுதார்ப். மாணவத் தோழர்களே, அவர் புகழ் நம் கல்லூரியிலும் ஒருமுறை ஒலிக்கட்டும்!