பாம்பனில் தொடங்கிய பொறியாளர் சர் ஆர்தர் காட்டன்



சர் ஆர்தர் காட்டன் என்ற பெயரை நாம் பாசனப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போயிருப்போம். நானும் அப்படித்தான். மஞ்சள் காமாலை வந்து, அட்டெண்டன்ஸ் குறைந்து, ஒரு செமஸ்டர் முழுக்க பாம்பனில் வீட்டோடு கிடந்தபோதுதான் அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு முழு மனுஷன் இருப்பது எனக்குத் தெரிந்தது.

வெள்ளைக்காரனைப் பற்றி எதற்கடா எழுதுகிறாய் என்று ரூமில் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். காட்டன் கம்பெனிக்காரர்களின் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். பாசனம் பெருகினால் வரி பெருகும் என்பது அவர்கள் கணக்கு. அதையெல்லாம் மறந்துவிட்டு நான் எழுதவில்லை. ஆனால் அவர் வேலை தொடங்கிய இடங்களில் ஒன்று நம்ம பாம்பன். அது ஒன்று போதாதா?

1803 மே 15-ல் இங்கிலாந்தில் பிறந்தார். பதினைந்து வயதில் அடிஸ்கோம் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். 1821-ல் சென்னைக்கு வந்து இறங்கியபோது வயது பதினெட்டு, அதாவது இப்போது எனக்கு ஆகிற வயது. அடுத்த வருஷமே பாம்பன் கால்வாயை சர்வே செய்ய அனுப்பப்பட்டார். மண்டபத்துக்கும் ராமேஸ்வரம் தீவுக்கும் நடுவே பாறைத் திட்டுகள் குறுக்கே கிடந்ததால் அன்றைக்குச் சின்னத் தோணிகள்தான் அந்த வழியே போக முடியும். கப்பல் என்றால் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். அந்தக் காலத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கித்தான் ஆழம் பார்ப்பார்கள். எங்கள் அப்பா வேலைக்குப் போகும் விசைப்படகில் எக்கோ சவுண்டர் இருக்கிறது. இருந்தும், இந்தப் பக்கத்து நீரோட்டத்தை அவர் கண்ணால் பார்த்துத்தான் நம்புவார்.

1824-ல் பர்மா யுத்தம் வந்தது. காட்டன் அங்கே போனார். 1828-ல் காவிரி அவர் கைக்கு வந்தது. அப்போது தஞ்சாவூர் சீமை தண்ணீரில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது. திருச்சிக்கு மேற்கே காவிரி இரண்டாகப் பிரிகிற இடத்தில் கொள்ளிடம் பள்ளமாக இருந்ததால் தண்ணீர் அந்தப் பக்கம் ஓடியது. காவிரியில் மணல் மேடிட்டுக்கொண்டே வந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே ஒரு அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தினால்தான் காவிரிக்குப் பங்கு கிடைக்கும். ஆனால் அடியில் பாறையே கிடையாது, எவ்வளவு தோண்டினாலும் மணல்தான்.

மணலில் அஸ்திவாரம் போட அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அடிஸ்கோம் பள்ளி அல்ல. நம்ம கல்லணை. ஆற்று மணலில் பெரிய பெரிய கற்களை இறக்கினால் அவை புதைந்துகொண்டே போய் ஒரு ஆழத்தில் நின்றுவிடும். அதன்மேல் அடுக்கி, களிமண்ணால் இறுக்கினால் அதுவே அஸ்திவாரம். இந்த நாட்டுப் பழைய கொத்தனார்களிடமிருந்துதான் இதைக் கற்றுக்கொண்டேன் என்று காட்டனே எழுதி வைத்திருக்கிறார். 1836-ல் முக்கொம்பில் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. அந்த முக்கொம்பு அணையில் 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகுகள் உடைந்து போனது பலருக்கு ஞாபகம் இருக்கும். 180 வருஷத்துக்கு மேல் நின்ற கட்டுமானம் அது.

இதன் பிறகு உடம்பு கெட்டுப் போனது. 1830-களின் கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஆஸ்திரேலியப் பக்கம் போய் டாஸ்மேனியா தீவில் தங்கினார். 1841-ல் அங்கே எலிசபெத் லியர்மந்த் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். சில வருஷம் ஆறும் இல்லை, அணையும் இல்லை. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஏனென்றால் ஐந்து மாத இடைவெளிக்குப் பிறகு காலேஜுக்குத் திரும்பிய அன்று சர்வே பிராக்டிகலில் என்னால் டம்பி லெவலை நிறுத்த முடியவில்லை. ஃபுட் ஸ்க்ரூவை எந்தப் பக்கம் திருகினாலும் குமிழி எதிர்ப்பக்கம் ஓடியது. நோட்டில் ரைஸ் எது ஃபால் எது என்றுகூட மாற்றி எழுதினேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். அன்றைக்கு ராத்திரி, பேசாமல் அப்பாவோடு படகுக்குப் போய்விடலாமா என்றுதான் நினைத்தேன்.

காட்டன் திரும்பி வந்தார். 1844-ல் கோதாவரிக்குக் குறுக்கே அணை கட்டலாம் என்று அறிக்கை கொடுத்தார். 1833-ல் பஞ்சமும் 1839-ல் புயலும் அடித்துப் போட்ட சீமை அது. கொள்ளிடத்தில் பழகிய அதே மணல் வேலை, ஆனால் பல மடங்கு பெரிது. ஆறு நான்கு கிளையாகப் பிரிகிற தவளேஸ்வரத்தில் கிட்டத்தட்ட மூன்றரை கிலோமீட்டருக்குக் கட்டுமானம். 1847-ல் வேலை ஆரம்பித்தது. மறு வருஷமே மறுபடி உடம்புக்கு முடியவில்லை. கேப்டன் ஆர் என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார், 1850-ல் திரும்பினார், 1852-ல் அணை முடிந்தது. கோதாவரிக் கரை ஊர்களில் இன்றும் அவருக்குச் சிலை உண்டு.

1860-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போனார். அதற்குப் பிறகு 39 வருஷம் உயிரோடு இருந்தார். இதை இரண்டு முறை கூட்டிக் கழித்துப் பார்த்தேன், சரிதான். இந்தியாவுக்கு ரயிலைவிட நீர்வழியும் பாசனமும்தான் தேவை என்று எழுதியும் பேசியும் சண்டை போட்டார். 1878-ல் பார்லிமெண்டுக் குழு முன்னால் எழுபத்தைந்து வயதில் போய் அதே வாதத்தை வைத்தார். அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று சொல்ல மாட்டேன். அவர் ஆதரித்த கர்னூல்-கடப்பா கால்வாய் கம்பெனிக்கு நஷ்டத்தைத்தான் கொடுத்தது. இதற்கு நடுவில் 1876-ல் அரபி மொழிக்கு ஒரு ஆரம்பப் பாடப்புத்தகம் போட்டிருக்கிறார்! டோர்க்கிங் என்ற ஊரில் இருந்துகொண்டு, நிலத்தை ஆழமாகக் கிளறிக் கோதுமை போட்டால் விளைச்சல் எவ்வளவு கூடுகிறது என்று பரிசோதனையும் செய்தார். ஆறு கையில் இல்லாதபோது தோட்டத்து மண்ணைக் கையில் எடுத்துக்கொண்டார் என்று நான் புரிந்துகொண்டேன். 1899 ஜூலை 24-ல் 96 வயதில் இறந்தார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அந்த 61 நாளும் அப்பா கடலுக்குப் போக மாட்டார், ஆனால் விடிந்ததும் கரைக்குப் போய்விடுவார். கிழிந்த வலையைச் சரிபார்ப்பார், எஞ்சினைப் பிரித்து மாட்டுவார். தினம் பார்த்த காட்சிதான், காட்டனைப் படிக்கும் வரை எனக்கு உறைக்கவில்லை. பிறகு சித்தப்பாவிடம் போனேன். அவர் கொத்தனார். டம்பி லெவல் எல்லாம் கிடையாது. ரசமட்டமும், தண்ணீர் ரொப்பிய ட்யூபும், தூக்குக்குண்டும்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு போய் ட்யூபின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மட்டம் பார்த்தேன், வீட்டுக்கு வந்து அந்த அளவுகளையே ரைஸ் அண்ட் ஃபால் கணக்காக நோட்டில் எழுதினேன். ட்யூபுக்குள் ஒரு சின்னக் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் தப்பிவிடும் என்பதை சித்தப்பாதான் காட்டிக்கொடுத்தார். அடுத்த பிராக்டிகலில் குமிழி நடுவில் நின்றது. மார்க் சுமார்தான், பரவாயில்லை.

செமஸ்டர் லீவில் முக்கொம்பு போவதற்கு பஸ் சார்ஜ் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். வர விருப்பமுள்ளவர்கள் சிவில் இரண்டாம் ஆண்டு வகுப்பில் வந்து என்னைப் பார்க்கலாம்.