ஆளுக்கு ஒரு பட்டா! மன்றோ துரையின் வரலாறு

ஆள் கூடினால் பாம்பு சாகாது என்பது நம் ஊர்ப் பழமொழி. அவன் அடிப்பான் என்று இவன் இருப்பான். இவன் அடிப்பான் என்று அவன் இருப்பான். பாம்பு தப்பி ஓடிவிடும்!

வயல் வேலையிலும் இதே கதைதான் என்று கண்டு, அதற்கு ஒரு மருந்து தேடினார் ஒருவர். சென்னைத் தீவுத்திடல் அருகே, அங்கவடி இல்லாத குதிரை மீது சிலையாக வீற்றிருக்கிறாரே, அவர்தான் சர் தாமஸ் மன்றோ.

சிப்பாயாக வந்தார்

மன்றோ 1761-ம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை ஒரு வியாபாரி. அமெரிக்க விடுதலைப் போரினால் அவருடைய வியாபாரம் நொடித்துப் போயிற்று. பிழைப்பு தேடி மகன் கிழக்கிந்தியக் கும்பினியின் பட்டாளத்தில் சேர்ந்தார். 1780-ல் சென்னையில் வந்து இறங்கினார். ஐதர் அலியை எதிர்த்து நடந்த போரிலும் பங்கு கொண்டார்.

1792-ல் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம் கும்பினியின் கைக்கு வந்தது. அங்கே வரி வசூலிக்கக் கேப்டன் ரீடு நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாகப் போனவர்களில் மன்றோவும் ஒருவர். கத்தி பிடித்த கை கணக்குப் பிடிக்கத் தொடங்கியது. வரப்பில் நடந்தார், நிலத்தை அளக்கச் செய்தார், குடியானவர்களுடன் பேசிப் பழகினார். 1800 முதல் 1807 வரை கடப்பை, பல்லாரி முதலிய பகுதிகளிலும் இதே வேலைதான்.

யாருக்கு வந்த எரு?

அந்தக் காலத்தில், வானகரமும் பூந்தமல்லியும் அடங்கிய செங்கற்பட்டுச் சீமையில் சமுதாயக் கிராமங்கள் பல இருந்தன. அங்கே நிலம் மிராசுதாரர்களுக்குப் பொது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பங்கை மாற்றிக் கொள்வார்கள்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. இன்று வண்டி வண்டியாக எரு அடித்து வயலைத் திருத்தினால், நாளை அந்த வயல் யார் கைக்குப் போகுமோ? பிறகு யார்தான் முதுகை வளைப்பார்கள்?

1808 முதல் கும்பினி வேறொரு முறையைப் புகுத்தியது. கிராமம் முழுவதையும் மொத்தமாகக் குத்தகைக்கு விட்டது. அப்போது சீமைக்குத் திரும்பியிருந்த மன்றோ இதை ஒப்பவில்லை. பொதுவில் கிடக்கும் நிலம் முன்னேறாது. உழைப்பின் பலன் உழைத்தவனுக்கே என்று தெரிந்தால்தான் அவன் மனம் வைத்துப் பாடுபடுவான் என்பது அவர் கட்சி. குடியானவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பட்டா, தனி வரி. இதுவே ரயத்துவாரி முறை.

1820-ல் அவர் சென்னை கவர்னர் ஆனார். ரயத்துவாரி மாகாணம் எங்கும் பரவியது.

மருந்திலும் குறை

ஆனால் மன்றோவின் மருந்து எல்லா நோயையும் தீர்க்கவில்லை. வரி கடுமையாக இருந்தது. சேற்றில் இறங்கி உழைத்த பண்ணையாட்கள் பலருக்குப் பட்டா கிடைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. வயலைப் பங்கு போடலாம். ஏரியைப் பங்கு போட முடியுமா? வானகரத்தை அடுத்த அயனம்பாக்கம் ஏரியைப் போல, இந்த வட்டாரம் ஏரிகளை நம்பிய பூமி. கரையைச் செப்பனிட ஊரே கூடிச் செய்யும் வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். அது நாளடைவில் தளர்ந்தது. காரணங்கள் பல. தனிப் பட்டா வந்தபின் பொது வேலையில் அக்கறை குறைந்தது என்பதும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. கடைசியில், உடைப்பை அடைக்க மக்களைக் கட்டாயப்படுத்த 1858-ல் சட்டமே போட வேண்டியதாயிற்று!

1827-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, சுற்றுப்பயணத்தில் இருந்த மன்றோ பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். அவர் பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சூட்டிய குடும்பங்கள் ஆந்திரத்தில் உண்டு. 1839-ல் சென்னையில் சிலை நாட்டப்பட்டது.

கயிறு சொன்ன கணக்கு

பிற்காலத்தில் பிரான்சு நாட்டு விவசாயப் பொறியியல் அறிஞர் ரிங்கல்மன், ஆட்களைக் கூட்டாக இழுக்கவிட்டு அவர்கள் பலத்தை அளந்தார். முடிவை 1913-ல் வெளியிட்டார். தனியாக இழுப்பவன் பலம் 100 என்றால், எட்டுப் பேர் சேர்ந்தபோது ஆளுக்கு 49 தான்! எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். அடுத்தவன் இழுக்கட்டும் என்ற எண்ணமும் ஒரு காரணம்.

அப்படியானால் கூட்டு வேலையே வீணா? இல்லை. தனி ஆளால் ஏரிக்கரை கட்ட முடியாது. திருவிளையாடல் கதையில் வைகைக் கரையை ஆளுக்கு ஒரு பங்காக அளந்து விட்டார்கள். அதனால்தான் வந்திக் கிழவியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது அரசன் கண்ணில் பட்டது.

கூடியே உழைக்கலாம். ஆனால் அவரவர் பங்கு எது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். பங்கு தெரிந்தால் பாம்பும் சாகும், ஏரியும் நிறையும்.