சிறுநீரக மாற்றுக்கு வழிதிறந்த கேர்ட்ரூட் எலியன்

1954ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வைத்தியர் ஜோசப் மறே, ஒருவருடைய சிறுநீரகத்தை அவரது இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். உருவொத்த இரட்டையர் ஆதலின் உடல் அதனை அந்நியமெனக் கருதவில்லை. ஏனையோருக்கு அவ்வாய்ப்பு இல்லை. பொருத்திய உறுப்பை அவர்களது உடலின் வெண்குருதிக் கலங்களே தாக்கி அழித்தன. கைத்திறனாற் கடக்கவியலாத இத்தடையை நீக்க உதவியவர் வைத்தியரல்லாத ஒரு பெண்மணி.

எலியன் 1918இல் நியூயோர்க்கில் பிறந்தார். பதினைந்தாவது வயதில், பாட்டனார் புற்றுநோயால் வருந்தி இறந்ததைக் கண்டமையே அவரை இரசாயனவியலின்பால் ஈர்த்தது. 1937இல் பட்டம் பெற்றும், பெண் என்பதால் ஆய்வுகூடக் கதவுகள் திறக்கவில்லை. ஒருகாலத்தில் உணவு நிறுவனமொன்றில் ஊறுகாயின் புளிப்பைச் சோதிக்கும் தொழிலையும் பார்த்தார். உலகப் போரினால் ஆண்களுக்குத் தட்டுப்பாடு நிலவிய 1944இல்தான் பறோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸின் உதவியாளரானார். வேலையை விட்டு முழுநேரமாகக் கற்குமாறு கேட்கப்பட்டதால் கலாநிதிப் படிப்பைக் கைவிட்டார்.

பெருகும் கலம் தன் மரபணுவை ஆக்குவதற்குப் பியூரின் எனும் மூலப்பொருளை நாடும். அதனையொத்த போலிப் பொருளைக் கொடுத்தால் பெருக்கம் நின்றுவிடும். ஓர் ஒட்சிசன் அணுவின் இடத்திற் கந்தக அணுவை அமைத்து எலியன் உருவாக்கிய 6-மேர்கப்டோபியூரின், 1953இல் சிறுவர்களின் குருதிப் புற்றுநோய்க்கு அங்கீகரிக்கப்பட்டது. அது முயல்களின் நோயெதிர்ப்பையும் அடக்குவதாக 1959இல் பொஸ்டன் வைத்தியர் இருவர் அறிவித்தனர். அதனை நாய்களிற் சோதித்த ஆங்கிலேய வைத்தியர் றோய் கான், 1960இல் பொஸ்டனுக்குச் செல்லும் வழியில் எலியனையும் ஹிச்சிங்ஸையும் சந்தித்து, அசதியோபிரின் எனும் அதன் வழித்தோன்றலைப் பெற்றுச் சென்றார்.

நாய்களில் நற்பலன் கிட்டியது. மனிதரில் அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. அளவு குறைந்தால் உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கும். மிகுந்தால் என்பு மச்சை நலிந்து நோய்த்தொற்றால் உயிர் போகும். சரியான அளவை எவரும் அறியார். 1961இல் இம்மருந்தைப் பெற்ற முதல் நோயாளர் பிழைக்கவில்லை. குருதிச் சுத்திகரிப்பு வசதி அரிதாயிருந்த அந்நாளில் அவர்களுக்கு வேறு போக்கிடமும் இல்லை. இக்கண்டுபிடிப்பில் அவர்களுக்கும் பங்குண்டென்றே நாம் கருதுகிறோம். 1962 ஏப்ரலில், உறவினரல்லாத இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை மறே இளைஞர் ஒருவருக்குப் பொருத்தினார். அது ஓராண்டுக்கு மேல் இயங்கியது. பின்னர் ஸ்டீரொயிட் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தமையால் பலன் மேலும் கூடியது.

எலியனும் ஹிச்சிங்ஸும் 1988இல் ஜேம்ஸ் பிளெக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். மறே 1990இல் அப்பரிசைப் பெற்றார். எலியன் 1999 பெப்ரவரியிற் காலமானார்.

புதிய மருந்துகள் வந்தபின் முதலிடத்தை இழந்தபோதும் அசதியோபிரின் வழக்கொழியவில்லை. ஆயின் மூட்டுகளில் யூரிக் அமிலம் படியும் கௌட் நோய்க்கு வழங்கப்படும் அலோபியூரினோலும் எலியன் பங்குகொண்ட ஆய்வின் பயனே. அது அசதியோபிரின் உடலிற் சிதைவதைத் தடுப்பதால், இரண்டையும் வழமையான அளவில் ஒருங்கே உட்கொண்டால் என்பு மச்சை பாதிக்கப்படும். சேர்த்துக் கொடுக்க நேர்ந்தால் வைத்தியர்கள் அசதியோபிரினின் அளவை ஏறத்தாழ நாலிலொன்றாகக் குறைக்கின்றனர்.