மிஃமார் சினான்: தச்சுப் பட்டறையில் தொடங்கிய பயணம்

‘மிஃமார்’ என்னும் அரபுச் சொல்லுக்குக் கட்டடக் கலைஞர் என்று பொருள். உஸ்மானிய வரலாற்றில் அச்சொல் சினான் என்பவரின் பெயரோடு பிரிக்கவியலாதபடி ஒன்றிவிட்டது. பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக ஏறத்தாழ 50 ஆண்டுகள் பணியாற்றியவர் அவர். அப்பதவியை ஏற்றபோதே வயது ஐம்பதை ஒட்டியிருந்தது. அதுவரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி.

கி.பி. 1490-ஐ ஒட்டி, அனத்தோலியாவில் கைஸேரிக்கு அருகிலுள்ள அகர்னாஸ் என்னும் சிற்றூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். கிறிஸ்தவ இல்லத்து ஆண்மக்களை அரசுப் பணிக்குத் திரட்டும் ‘தவ்ஷிர்மே’ முறையில், சுல்தான் முதலாம் ஸலீமின் காலத்தில் அழைத்துச் செல்லப்பட்டு, இஸ்லாத்தில் இணைந்து, யெனிச்செரிப் படையில் சேர்ந்தார். பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கும் அம்முறையின் துயரத்தை மறைத்து எழுதுவது நியாயமன்று. சினானும் தம் உறவுகளை மறக்கவில்லை. 1570-களில் கைஸேரிப் பகுதிக் கிறிஸ்தவர்களைச் சைப்ரஸ் தீவில் குடியேற்ற ஆணை பிறந்தபோது, தம் உற்றாரை அதிலிருந்து விலக்கும்படி வேண்டி, விலக்கும் பெற்றார்.

படையில் அவர் கற்ற முதல் தொழில் தச்சு. சுல்தான் சுலைமானின் படையோடு 1521-ல் பெல்கிரேடுக்கும், 1522-ல் ரோட்ஸ் தீவுக்கும், பின்னர் பக்தாதுக்கும் சென்றார். போர்வீரர் பலர் சென்ற அதே வழிதான். ஆனால் சினான் சென்ற இடமெங்கும் பழைய கட்டடங்களையும் இடிபாடுகளையும் கூர்ந்து நோக்கி, ஒவ்வொன்றிலும் ஏதேனும் கற்றுக்கொண்டார். முதுமையில் கவிஞர் ஸாயீ முஸ்தஃபாவிடம் சொல்லி எழுதச் செய்த தம் வரலாற்றில் இதனைப் பதிவு செய்துள்ளார். 1538-ல் மால்டேவியப் படையெடுப்பின்போது புரூத் ஆற்றின் சேற்று நிலத்தில் 13 நாட்களில் பாலம் அமைத்துத் தந்தார். அடுத்த ஆண்டே தலைமைப் பதவி வந்தது.

இஸ்தான்பூலில் அவர் கண்முன் நின்றது ஆயிரமாண்டுப் பழமை வாய்ந்த அயா சோபியா. அதன் குப்பா ஏறத்தாழ 31 மீட்டர் அகலமுடையது. ஆயினும் இரு பக்கங்களிலும் தூண்வரிசைகள் நடுக்கூடத்தைப் பிரித்து நிற்கின்றன. தூண்களுக்கிடையே ஸஃப் முறிவது பற்றி ஃபிக்ஹ் நூல்களில் ஓதியோருக்கு இதன் குறை சட்டெனப் புலப்படும். ஜமாஅத் முழுவதும் ஒரே குப்பாவின் கீழ், இடையூறின்றி நிற்க வேண்டும். சினானின் பெரும்பள்ளிகள் அந்த இலக்கையே நாடிச் சென்றன எனலாம்.

1548-ல் முடிந்த ஷஹ்ஸாதா பள்ளியில் 19 மீட்டர் குப்பாவை நான்கு புறமும் அரைக்குப்பாக்கள் தாங்கின. அதனை அவர் தம் பயிற்சிக்காலப் படைப்பாகவே கருதினார் என்பர். அறுபதை நெருங்கியவரின் பயிற்சிக்காலம்! 1557-ல் முடிந்த சுலைமானியாவில் குப்பா 26 மீட்டரைத் தாண்டியது. அங்கே விளக்குப் புகை காற்றோட்டத்தால் வாயிலின் மேலுள்ள அறைக்கு இழுக்கப்பட்டு, அக்கரி எழுதும் மையாயிற்று.

இடையில் பேரிடியும் விழுந்தது. இஸ்தான்பூலுக்கு நீர் கொண்டுவர அவர் எழுப்பிய மேல்வாய்க்கால் பாலங்களை 1563-ன் வெள்ளம் சிதைத்தது. எழுபது வயதைத் தாண்டியவர் மீண்டும் கட்டினார். அவற்றுள் மஃலோவா பாலம் இன்றும் நிற்கிறது.

எதிர்னே நகரின் ஸலீமியா பள்ளி 1575-ல் திறக்கப்பட்டபோது அவர் எண்பதைக் கடந்திருந்தார். அயா சோபியாவுக்கு நிகரான குப்பாவை எட்டுத் தூண்கள் தாங்குகின்றன. ஆனால் அத்தூண்களைச் சுவர்களை ஒட்டித் தள்ளிவிட்டார். நடுவே விரிந்த ஒரே வெளி. தம் தேர்ச்சியின் சான்றாக அவர் கருதியது இதனையே.

1588-ல் வஃபாத்தானார். சுலைமானியா வளாகத்தின் மூலையில், இரு தெருக்கள் கூடுமிடத்தில் அவரது சிறிய அடக்கத்தலம் உள்ளது. அதன் முனையில், வழிப்போக்கர் தாகம் தீர ஒரு தண்ணீர் மாடம் அமைந்துள்ளது.