வேலியோரம் நின்ற சிறுவன்

அமெரிக்காவில் கன்சாஸ் நகரம் என்று ஓர் ஊர். அந்த ஊரில் ஃபேர்மவுண்ட் பார்க் என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. 1911-ஆம் ஆண்டு வாக்கில் ஓர் அண்ணனும் தங்கையும் அந்தப் பூங்காவின் வேலியோரம் வந்து நிற்பார்கள். அண்ணனுக்குப் பத்து வயது இருக்கும். தங்கை அவனைவிட இரண்டு வயது சின்னவள். உள்ளே போகக் கையில் காசு கிடையாது. வேலியில் முகத்தைப் பதித்துக்கொண்டு, உள்ளே மற்றக் குழந்தைகள் விளையாடுவதைப் பார்ப்பார்கள். பிறகு பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

தங்கையின் பெயர் ரூத். அண்ணனின் பெயர் வால்ட் டிஸ்னி. மிக்கி மவுஸ் என்ற எலியை உலகத்துக்குக் கொடுத்தவர். டிஸ்னிலாந்து என்ற பூங்காவைக் கட்டியவர். அவருடைய கதைதான் இது.

கூலி இல்லாத வேலை

வால்ட் 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி சிகாகோ நகரில் பிறந்தார். தகப்பனார் எலியாஸ் டிஸ்னி ஒரு தச்சர். 1893-ல் சிகாகோவில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, அதன் கட்டிட வேலையில் தினக்கூலியாக உழைத்தவர் அவர். நாள் ஒன்றுக்குக் கூலி ஒரு டாலர். இந்த ஒரு டாலர் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

எலியாஸ் எந்தத் தொழிலில் இறங்கினாலும் அது நிலைக்கவில்லை. மார்சலின் என்ற சிற்றூரில் நிலம் வாங்கி விவசாயம் செய்தார். சில வருஷத்தில் அதையும் விற்றார். கன்சாஸ் நகரத்துக்கு வந்து, வீடு வீடாகப் பத்திரிகை போடும் உரிமையை வாங்கினார். பத்திரிகை போடும் வேலை வால்ட்டின் தலையிலும் அவருடைய அண்ணன் ராயின் தலையிலும் விழுந்தது.

விடியற்காலை மூன்றரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும். மழையானாலும் பனியானாலும் பத்திரிகை போய்ச் சேர வேண்டும். பனிக்காலத்தில் தெருவெல்லாம் முழங்கால் அளவு பனி கிடக்கும். இப்படி ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஆறு வருஷம்! இதற்குத் தகப்பனார் கூலி கொடுத்தாரா என்றால், இல்லை. சோறும் துணியும் கொடுப்பதே போதும் என்பது அவருடைய கொள்கை.

சில வீட்டு வாசலில், அந்த வீட்டுப் பிள்ளைகள் முதல் நாள் விளையாடிய பொம்மைகள் கிடக்கும். பத்திரிகை போட வந்த வால்ட், இருட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் அந்தப் பொம்மைகளை எடுத்துச் சிறிது நேரம் விளையாடுவார். பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார்.

எலி கொடுத்த வாழ்வு

படம் வரைவதில் அவருக்குப் பள்ளி நாளிலிருந்தே ஆசை. முதல் உலக யுத்தம் முடிந்த சமயம் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்து, பிரான்சு தேசத்தில் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டினார். ஊர் திரும்பி, கன்சாஸ் நகரத்தில் ஒரு கார்ட்டூன் படக் கம்பெனி தொடங்கினார். 1923-ல் அது திவாலானது. கையில் 40 டாலருடன் ஹாலிவுட்டுக்கு ரயில் ஏறினார். அங்கே அண்ணன் ராயும் சேர்ந்துகொண்டார். வால்ட் கனவு காண்பார். பணத்துக்கு ராய் அலைவார். கடைசிவரை இதுதான் ஏற்பாடு.

1928-ல் மிக்கி மவுஸ் பேசும் படமாக வந்தது. எலி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. 1937-ல் 'ஸ்நோ ஒயிட்' முழு நீளக் கார்ட்டூன் படம். பணம் கொட்டியது. ஆனால் வாழ்க்கை ஒரே சீராகப் போகவில்லை. பெற்றோருக்குப் பிள்ளைகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த வீட்டில், அடுப்பு வாயு கசிந்து 1938-ல் தாயார் இறந்துபோனார். 1941-ல் வால்ட்டின் தொழிலாளர்களே சம்பளம் போதவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி இல்லாமல் உழைத்த பையன், கூலி கேட்டவர்கள்மீது கோபம் கொண்டார். அந்தக் கசப்பு அவர் மனத்தைவிட்டு நீங்கவே இல்லை.

சனிக்கிழமை பெஞ்சு

வால்ட்டுக்கு இரண்டு பெண் குழந்தைகள். டயான், ஷரன். வாரக் கடைசியில் அவர்களை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கிரிஃபித் பார்க்குக்கு அழைத்துப்போவார். அங்கே ஒரு குதிரை ராட்டினம் உண்டு. குழந்தைகள் சுற்றுவார்கள். தகப்பனார் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நிலக்கடலை கொறித்துக்கொண்டிருப்பார்.

அப்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்தது. குழந்தைக்கு ராட்டினம், தகப்பனுக்குப் பெஞ்சு என்று எதற்குப் பிரித்து வைக்க வேண்டும்? தாய், தகப்பன், பிள்ளை எல்லாரும் ஒன்றாக ஏறி மகிழ்கிற இடம் ஏன் இருக்கக் கூடாது? அந்தக் காலத்துக் கேளிக்கைப் பூங்காக்கள் பலவும் குப்பை நிறைந்தவை. நல்ல குடும்பத்தார் போகத் தயங்குவார்கள். அப்படி இல்லாமல் சுத்தமாக ஒன்று கட்ட வேண்டும் என்று அவர் நினைத்தார்.

ராயிடம் சொன்னார். ராய் கையை விரித்தார். படக் கம்பெனிக்கே கடன் இருக்கிறது, இதற்கு வேறு பணமா என்பது அவர் கேள்வி. வால்ட் தம் ஆயுள் இன்சூரன்ஸ் பாலிசியை வைத்துக் கடன் வாங்கினார். பாம் ஸ்பிரிங்ஸ் ஊரில் இருந்த ஓய்வு வீட்டையும் விற்றார். 1953-ல் பழைய பூங்கா முதலாளிகள் சிலரிடம் திட்டத்தைக் காட்டினார்கள். பூச்செடிக்கும் அலங்காரத்துக்கும் இவ்வளவு செலவு செய்தால் முதலே திரும்பாது என்று அவர்கள் தலையை ஆட்டினார்கள்.

கடைசியில் ஏ.பி.சி. டெலிவிஷன் கம்பெனி கைகொடுத்தது. 5 லட்சம் டாலர் முதல் போட்டது. மேலும் 45 லட்சம் டாலர் கடனுக்கு ஜாமீன் நின்றது. சும்மா இல்லை. பூங்காவில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு! வால்ட் வாரந்தோறும் டெலிவிஷன் நிகழ்ச்சி நடத்திக் கொடுக்க வேண்டும் என்றும் ஒப்பந்தம்.

கலிபோர்னியாவில் அனஹைம் என்ற ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டத்தை வாங்கினார்கள். ஒரே வருஷத்தில் பூங்கா எழுந்தது. செலவு 1 கோடியே 70 லட்சம் டாலர்.

பூங்காவைச் சுற்றி உயரமாக மண்மேடு எழுப்பி, அதன்மேல் ரயில் ஓடவிட்டார் வால்ட். உள்ளே இருப்பவர் கண்ணுக்கு வெளியுலகம் தெரியக் கூடாது என்பது நோக்கம். வெளியே நிற்பவருக்கும் உள்ளே ஒன்றும் தெரியாமல் போயிற்று. கன்சாஸ் நகரத்து வேலியிலாவது எட்டிப் பார்க்க முடிந்தது!

முதல் நாள் அமளி

1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ந் தேதி திறப்பு விழா. அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி என்று ஏற்பாடு. ஆனால் கள்ள டிக்கெட்டுகள் அச்சாகிவிட்டன. எதிர்பார்த்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கூட்டம் புகுந்தது. ஒருவர் மதிலில் ஏணி சாத்தி, ஏறி இறங்க ஆளுக்கு 5 டாலர் வசூலித்தாராம்.

அன்று அனல் வெயில். புதுத் தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. குழாய்த் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் காரணமாக, குடிநீர்க் குழாய் போடுவதா, கழிப்பிடம் கட்டுவதா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலைமை வால்ட்டுக்கு. கழிப்பிடத்தைத் தேர்ந்தெடுத்தார். தாகத்தில் தவித்தவர்கள் அதை நம்பவில்லை. காசுக்குக் குளிர்பானம் விற்பதற்காகவே தண்ணீரை மறைத்துவிட்டார்கள் என்று குறை சொன்னார்கள்.

மறுநாள் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். வால்ட்டின் தகப்பனார் சிகாகோ பொருட்காட்சியில் ஒரு நாள் முழுவதும் உழைத்து வாங்கிய அதே ஒரு டாலர். அப்போதைய நம் நாட்டுக் கணக்கில் ஏறக்குறைய 4 ரூபாய் 12 அணா. 1955-ல் அமெரிக்காவில் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சென்ட். ஆகவே, ஒரு கூலிக்காரர் வாசலைத் தாண்ட ஒரு மணி இருபது நிமிஷம் உழைத்தால் போதும்.

ஆனால் வாசலைத் தாண்டினால் மட்டும் போதுமா? கார் நிறுத்த 25 சென்ட். உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனிக் காசு. 10 சென்ட் முதல் 35 சென்ட் வரை. படகுக்கு ஒரு டிக்கெட். ராட்டினத்துக்கு ஒரு டிக்கெட். தின்பண்டம் தனி. பொம்மை தனி. நாலைந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் தகப்பனார் சட்டைப்பையில் போட்ட கையை வெளியே எடுக்க முடியவில்லை. பூங்காவின் உள்ளேயே ஒரு பாங்கின் கிளையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகூட அது திறந்திருக்கும். நல்ல யோசனைதான்!

இதில் வால்ட்டின் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர் கழுத்தளவு கடனில் இருந்தார். வாசல் காசு கடனுக்கே காணாது. சுத்தமாக வைத்திருக்கத் துப்புரவு ஆட்கள் வேண்டும். கட்டணமே இல்லாவிட்டால் சுற்றித் திரிபவர்கள் கூடி, குடும்பத்தார் வர அஞ்சுவார்கள் என்றும் அவர் எண்ணினார். தாம் செய்வது நல்ல சரக்கு, நல்ல சரக்குக்கு ஜனங்கள் காசு கொடுப்பார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் பத்து லட்சம் பேர் வந்தார்கள்.

என்றாலும் முணுமுணுப்பு அவர் காதுக்கு எட்டியது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே டிக்கெட் புத்தகம் போட்டார்கள். நுழைவுக் கட்டணமும் எட்டு விளையாட்டும் சேர்த்துப் பெரியவர்களுக்கு இரண்டரை டாலர். இதனால் வீட்டிலிருந்து புறப்படும்போதே செலவு இவ்வளவு என்று கணக்குப் போட முடிந்தது. தாய்மார்களுக்கு இது பெரிய ஆறுதல்.

புத்தகத்தில் ஏ, பி, சி என்று டிக்கெட்டுகளில் வகை உண்டு. ஏ டிக்கெட் சாதாரணக் குதிரை வண்டிக்கு. எழுத்து ஏற ஏற விளையாட்டும் பெரிதாகும். அடுத்த வருஷம் டி வந்தது. 1959-ல் ஈ வந்தது. பிள்ளைகள் பெரிய டிக்கெட்டுகளை முதலில் தீர்த்துவிட்டு, இன்னும் வேண்டும் என்று அழுவார்கள். ஏ டிக்கெட்டுகள் மட்டும் மிஞ்சி, வீட்டு மேஜை டிராயரில் வருஷக்கணக்காகக் கிடக்கும்.

பூங்காவில் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் வால்ட்டுக்கு ஒரு சிறு ஜாகை உண்டு. அங்கே தங்கிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடப்பார். வரிசையில் நிற்பார். எங்கே ஜனங்கள் களைக்கிறார்கள், எங்கே சிரிக்கிறார்கள் என்று கவனிப்பார். 1960-ல் 75 லட்சம் டாலர் கொடுத்து டெலிவிஷன் கம்பெனியின் பங்கை மீட்டார்கள். பூங்கா முழுவதும் டிஸ்னி கைக்கு வந்தது. ஆனால் டிக்கெட் புத்தகம் போகவில்லை.

கூரையில் வரைந்த ஊர்

அடுத்தபடியாக ஃபுளோரிடா மாநிலத்தில் இன்னும் பெரியதாகக் கட்ட ஆசைப்பட்டார். பெயரை வெளியே விடாமல் 27 ஆயிரம் ஏக்கர் வாங்கினார்கள். பெயர் தெரிந்தால் நிலத்தின் விலை ஏறிவிடும் அல்லவா!

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் சிகரெட் பிடித்தவர் வால்ட். 1966-ல் நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. கடைசி இரவு ராய் ஆஸ்பத்திரிக்கு வந்து பக்கத்தில் இருந்தார். படுக்கையில் கிடந்த வால்ட், கூரையில் பதித்திருந்த சதுரப் பலகைகளை விரலால் சுட்டி, இங்கே சாலை வரும், இங்கே ரயில் வரும் என்று ஃபுளோரிடாத் திட்டத்தை விளக்கினார். மறுநாள் டிசம்பர் 15-ந் தேதி உயிர் பிரிந்தது. 65 வயது முடிந்து பத்தே நாள்.

ஓய்வு பெற இருந்த ராய், தம்பியின் வேலையைத் தலையில் எடுத்துக்கொண்டார். 1971 அக்டோபர் 1-ந் தேதி ஃபுளோரிடாப் பூங்காவைத் திறந்தார். தம்பியின் முழுப் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்' என்று பெயர் வைத்தார். அந்த டிசம்பரிலேயே அவரும் காலமானார்.

1982-ல் டிக்கெட் புத்தகங்கள் ஒழிந்தன. ஒரே கட்டணம் கொடுத்தால் எல்லா விளையாட்டும் ஆடலாம் என்று வந்தது. அனஹைமில் அந்த வருஷம் அது 12 டாலர். இனிமேல் உள்ளே தனிக் காசு இல்லை என்று குடும்பங்கள் மகிழ்ந்தன. 1999-ல் நீண்ட வரிசையில் நிற்காமல் நேரம் குறித்துப் போகும் வசதியும் இலவசமாகவே வந்தது.

தனிக் காசு வேறு வாசல் வழியாகத் திரும்பியது. 2021-ல் அந்த இலவச வசதிக்குப் பதில், நாளுக்கு 20 டாலர் கொடுத்தால் சீக்கிரம் போகலாம் என்ற ஏற்பாடு வந்தது. 2024-ல் வால்ட்டின் அனஹைம் பூங்காவில் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் கட்டணம் 104 டாலர் முதல் 206 டாலர் வரை. விடுமுறை நாளானால் கூடுதல். கார் நிறுத்த மட்டும் 35 டாலர். அதே வருஷம் கலிபோர்னியாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர். அந்தக் கூலிக்காரர் வாசலைத் தாண்ட, கட்டணம் குறைந்த நாளில் ஆறரை மணி நேரமும், கூடிய நாளில் ஏறக்குறைய 13 மணி நேரமும் உழைக்க வேண்டும்.

வால்ட் உட்கார்ந்து கடலை கொறித்த கிரிஃபித் பார்க் பெஞ்சுகளில் ஒன்று டிஸ்னிலாந்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதைப் பார்க்கத் தனிக் கட்டணம் கிடையாது, வாசலில் டிக்கெட் வாங்கியிருந்தால். மூன்று வயது நிரம்பாத குழந்தைகளுக்கு அந்த டிக்கெட்டும் தேவையில்லை.