திரும்பி வர வழி செய்தவர்



போன மாசம் அறிவியல் டீச்சர் நியூட்டன் விதி நடத்தினாங்க. ஓடுற பஸ்ஸின் கம்பியைப் பிடித்தால் கை பிய்வது போல இருப்பது ஏன் என்று கேட்டாங்க. அதைப் பற்றித் தேடும்போதுதான் ரிச்சர்ட் டியூபாண்ட் பற்றிப் படித்தேன்.

இவர் 1911-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெரிய பணக்காரக் குடும்பத்தில் பிறந்தார். நைலானைக் கண்டுபிடித்தது இவர் குடும்பத்துக் கம்பெனிதான். ஆனால் இவருக்கு ஆசை எல்லாம் கிளைடர் மேல். கிளைடர் என்றால் என்ஜின் இல்லாத விமானம். அதில் 1934, 1935, 1937 என மூன்று முறை தேசிய சாம்பியன் ஆனார்.

1939-இல் இவருடைய கம்பெனி விமானத் தபால் தொடங்கியது. மலை ஊர்களில் விமானம் இறங்க இடம் கிடையாது. அதனால் இரண்டு கம்பத்துக்கு நடுவே கயிறு கட்டி, தபால் பையை மாட்டி வைப்பாங்க. விமானம் தாழப் பறந்து வந்து, இறங்காமலே கொக்கியால் பையைத் தூக்கிக்கொண்டு போகும்.

பிறகு இரண்டாம் உலகப்போர் வந்தது. வேறொரு விமானம் கிளைடரைக் கயிறு கட்டி இழுத்துப் போய், எதிரி இடத்துக்கு அருகே விட்டுவிடும். 13 வீரர்களும் 2 பைலட்டும் சத்தமில்லாமல் வயலில் இறங்குவாங்க. ஆனால் இறங்கினது இறங்கினதுதான்! கிளைடர் தானாக மேலே ஏறாது.

தபால் பையைத் தூக்கிய அதே முறையில் கிளைடரையும் தூக்கினாங்க. திடீரென்று இழுத்தால் கிளைடர் உடைந்துவிடாதா என்று நானும் நினைத்தேன். அதற்கும் வழி இருந்தது. நைலான் கயிறு நீளும். விமானத்துக்குள் பிரேக் வைத்த உருளை, கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். நேரம் கூடினால் விசை குறையும். டீச்சர் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது!

1943-இல் இவர் விமானப்படைத் தளபதி ஆர்னால்டுக்குக் கிளைடர் ஆலோசகர் ஆனார். ஆபீசில் உட்கார்ந்தே வேலை பார்த்திருக்கலாம். ஆனால் அந்த வருடம் செப்டம்பர் 11 அன்று, கலிஃபோர்னியாவில் ஒரு புது கிளைடரின் சோதனைப் பயணத்தில் தானே ஏறினார். அது விழுந்து நொறுங்கி இறந்துபோனார். வயது 32 தான்.

அதற்குப் பிறகுதான், 1944-இல் பர்மா காட்டிலிருந்தும் 1945-இல் ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையிலிருந்தும் காயம்பட்ட வீரர்களை இந்த முறையில் தூக்கி வந்தாங்க. 1945 ஜூனில் நியூகினி மலைப் பள்ளத்தாக்கில், விமான விபத்தில் தப்பிய மூன்று பேரையும் இப்படித்தான் மீட்டாங்க. இதில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

போருக்கு ஆளை அனுப்ப நிறைய பேர் வழி சொல்வாங்க. திரும்பக் கூட்டிட்டு வர வழி செய்தவரை நாம் மறக்கக் கூடாது.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி