ஹாட்டி மெக்டேனியல்: இடம் மறுக்கப்பட்ட கலைஞர்

அடிமைகளாய் வாழ்ந்தோரின் பிள்ளைகள் அமெரிக்க மண்ணில் சட்டப்படி உரிமை பெற்ற மக்களாகப் பிறந்தனர். அவ்வுரிமை ஏட்டளவில் நின்றது. அத்தலைமுறையில் தோன்றியவர் ஹாட்டி மெக்டேனியல். கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் 1893ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பிறந்தார். தந்தை ஹென்றி, அடிமை நிலையினின்று மீண்டு, உள்நாட்டுப் போரில் வடவர் படையில் நின்று போரிட்டவர். தாய் சூசன் தேவாலயத்தில் பக்திப் பாடல்கள் பாடியவர். பதின்மூன்று பிள்ளைகளுள் ஹாட்டி கடைக்குட்டி. வறுமையை அறிந்த அக்குடும்பம் பாட்டையும் அறிந்திருந்தது.

பின்னர் அக்குடும்பம் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் குடியேறியது. அங்கே 1910இல் மதுவிலக்கு மாதர் சங்கம் நடத்திய கவிதை ஒப்புவித்தல் போட்டியில் ஹாட்டி தங்கப் பதக்கம் பெற்றார். பிறகு உடன்பிறந்தாருடன் நாடக மேடை ஏறினார். 1920களில் இசைக்குழுக்களில் பாடினார். வானொலியிலும் அவர் குரல் ஒலித்தது. தாமே இயற்றிய பாடல்களையும் இசைத்தட்டுகளில் பதிவு செய்தார்.

1929இல் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சி கலைக்குழுக்களைச் சிதறடித்தது. பாடகியாகிய ஹாட்டி, மில்வாக்கி நகரின் கேளிக்கை விடுதி ஒன்றில் கழிவறைப் பணிப்பெண்ணாக வேலை செய்ய நேர்ந்தது. ஓரிரவு அவ்விடுதியில் பாடும் வாய்ப்புக் கிட்டியது. அதன்பின் அங்கேயே பாடகியானார். 1931இல் லாஸ் ஏஞ்சல்ஸ் சென்றார். திரைப்பட வாய்ப்புகளுக்கு இடையே பிறர் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் வாழ்ந்தார். திரையிலும் அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அதே வேடங்களே. பல படங்களில் அவர் பெயர்கூடக் காட்டப்படவில்லை.

ஆயினும் பணிப்பெண் வேடத்தை அவர் ஏவல் கேட்கும் உருவமாக மட்டும் விட்டுவிடவில்லை. 1935இல் வெளிவந்த ‘அலிஸ் ஆடம்ஸ்’ படத்தில், செல்வர்போல் நடிக்கும் எளிய குடும்பம் ஒன்று விருந்துக்கென அமர்த்தும் பணிப்பெண்ணாக வருகிறார். அவருடைய சலித்த பார்வையும் தளர்ந்த நடையும் அக்குடும்பத்தின் போலிப் பகட்டை வெளிப்படுத்திவிடுகின்றன. 1936இல் வெளியான ‘ஷோ போட்’ படத்தில் பால் ராப்சனுக்கு இணையாக நடித்தார்.

மார்கரெட் மிச்செலின் புதினத்தைத் தழுவி டேவிட் செல்ஸ்னிக் தயாரித்த ‘கான் வித் த விண்ட்’ 1939இல் வெளிவந்தது. அதில் மெக்டேனியல் ஏற்ற வேடம் ‘மாமி’ என்னும் அடிமைச் செவிலித்தாய். வளர்த்த மகளைக் கடியவும் காக்கவும் வல்ல செவிலி, அக இலக்கியம் கற்றோர்க்குப் புதியவள் அல்லள். ஆனால் சங்கச் செவிலிக்குத் தோழி என்றொரு மகள் உண்டு. இந்தச் செவிலிக்குக் கதையில் குடும்பமும் இல்லை. செய்யும் தொழிலைக் குறிக்கும் அழைப்பன்றிச் சொந்தப் பெயரும் இல்லை. குழந்தையை இழந்த தந்தையின் துயரத்தை, மாடிப்படி ஏறியவாறே மெலனியிடம் அவர் சொல்லும் காட்சி புகழ் பெற்றது. பார்வையாளர் காணாத துயரம் முழுவதும் அவர் சொல்லாலும் கண்ணீராலும் மட்டுமே புலப்படுகிறது.

1939 டிசம்பர் 15ஆம் நாள் அட்லாண்டா நகரில் அப்படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஜார்ஜியா மாநிலத்தின் இனப் பிரிவினைச் சட்டங்களால் கறுப்பின நடிகர் எவரும் அவ்விழாவில் கலந்துகொள்ள இயலவில்லை. 1940 பிப்ரவரி 29ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் அம்பாசடர் விடுதியில் அகாதமி விருது விழா நடைபெற்றது. அவ்விடுதி கறுப்பினத்தவரை அனுமதிப்பதில்லை. செல்ஸ்னிக் தனியே கேட்டுப் பெற்ற இசைவால் மெக்டேனியல் உள்ளே வந்தார். படக்குழுவினருடன் அமர இடம் தரப்படவில்லை. சுவரோரம் இடப்பட்ட சிறு மேசையே அவருக்குக் கிடைத்தது. அங்கிருந்து எழுந்து சென்றுதான் சிறந்த துணை நடிகைக்கான விருதைப் பெற்றார். ஆஸ்கார் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் அவரே.

விருதுக்குப் பின்னும் வேடங்கள் மாறவில்லை. 1942இல் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர் வால்டர் வைட், இழிவான வேடங்களை மாற்றுமாறு ஹாலிவுட் நிறுவனங்களை வற்புறுத்தினார். பணிப்பெண் வேடமே புனைந்த மெக்டேனியல் கடும் கண்டனத்துக்கு ஆளானார். அடிமை முறையை இனிய உறவாகக் காட்டிய படங்களுக்கு அவர் கலை துணைநின்றது என்ற குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. வேறு வேடம் தர எந்த நிறுவனமும் முன்வராத நிலையில், அவ்வேடங்களையும் விட்டிருந்தால் கறுப்பின நடிகர்கள் திரையிலிருந்தே மறைந்திருப்பர் என்ற அவர் தரப்பு நியாயத்தையும் மறுக்க இயலாது. வேடங்களை எழுதியோர் மீதான சினம், அவற்றை ஏற்று நடித்தவர்மீது பாய்ந்தது.

திரையில் பிறர் வீட்டைக் காத்த அவர், தம் வீட்டைக் காக்க நீதிமன்றம் ஏற நேர்ந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் சுகர் ஹில் எனப்பட்ட பகுதியில் அவரும் லூயிஸ் பீவர்ஸ், எத்தல் வாட்டர்ஸ் போன்ற கலைஞர்களும் வீடு வாங்கியிருந்தனர். கறுப்பினத்தவர்க்கு விற்கலாகாது என்ற பழைய உடன்படிக்கையைக் காட்டி, அண்டை வீட்டு வெள்ளையர் சிலர் அவர்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்தனர். வழக்கறிஞர் லோரன் மில்லர் கறுப்பினத்தவர்க்காக வாதாடினார். 1945 டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க், அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தத்தைச் சுட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தார். இத்தகைய உடன்படிக்கைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என நாட்டின் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948இல்தான்.

1947இல் ‘பியூலா’ வானொலித் தொடரின் நாயகியானார். அதுவும் பணிப்பெண் வேடமே. எனினும் அதற்குமுன் அப்பெண்ணுக்குக் குரல் கொடுத்தவர்கள் வெள்ளை ஆடவர்கள். கறுப்பினத்தவர் பேச்சைக் கேலி செய்யும் கொச்சை நடையில் பேச மெக்டேனியல் உடன்படவில்லை. அவ்வேடத்தில் ஒரு கறுப்பினப் பெண் தன் குரலிலேயே பேசியது அப்போதுதான்.

மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகி, 1952 அக்டோபர் 26ஆம் நாள் மறைந்தார். ஹாலிவுட் இடுகாட்டில் தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். அது வெள்ளையர்க்கே உரிய இடுகாடாக இருந்தமையால், ரோஸ்டேல் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். ஹோவர்ட் பல்கலைக்கழகத்திற்கு அவர் எழுதிவைத்த ஆஸ்கார் விருதும் பின்னர்க் காணாமற்போயிற்று.

1999இல் அதே ஹாலிவுட் இடுகாட்டில் அவர் பெயரால் நினைவுக்கல் எழுப்பப்பட்டது. 2023இல் அகாதமி, ஹோவர்ட் பல்கலைக்கழகத்திற்கு மாற்று விருது ஒன்றை வழங்கியது. விருந்து மேசையிலும் திரையரங்கிலும் இடுகாட்டிலும் மறுக்கப்பட்ட இடங்களுள், அவர் உயிரோடிருந்தபோதே போராடி நிலைநாட்டியது தம் வீட்டு வாயில் ஒன்றே. நடித்த வேடங்களோடு அந்த வெற்றியையும் சேர்த்துப் பார்ப்பதே அவருக்குச் செய்யும் நீதியாகும்.